கைக்குள் ஒரு பெயர்

டிசம்பர் 17, ஞாயிறு

விடாத மழை. பக்கத்து ஊர்ப் பிள்ளைகள் வெள்ளிக்கிழமையே வீட்டுக்குப் போய்விட்டார்கள். விடுதியில் மீதி எட்டுப் பேர், எல்லோரும் தொலைவிலிருந்து வந்தவர்கள். சமையலுக்குப் பேச்சியம்மாள், காப்பாளராக நான். காவலாளி தன் மகள் வீட்டுக்குப் போனவர், இன்னும் வரவில்லை.

துவைத்த துணி எதுவும் காயவில்லை. முற்றத்தில் கணுக்கால் அளவு தண்ணீர். செந்தூரி அதில் காகிதக் கப்பல் விட்டு, ஒவ்வொரு கப்பலும் எங்கே போகிறது என்று எனக்குக் கையால் கதை சொன்னாள். அரிசியையும் அடுப்பையும் மாடி அறைக்கு ஏற்றிவிடலாம் என்றேன். "ஒங்களுக்கு எப்பவும் ஒரு பயம் டீச்சர்" என்றாள் பேச்சி. ஆனாலும் ஏற்றினாள்.

டிசம்பர் 18, திங்கள்

விடியும்போது ஏரிக்கரை உடைந்தது. கீழ்த்தளம் முழுவதும் தண்ணீருக்குள். நாங்கள் மொட்டை மாடியில் இருக்கிறோம். பழைய கட்டில் போடும் ஓர் அறை, அதன் பக்கத்தில் தண்ணீர்த் தொட்டி, சுற்றிலும் இடுப்பளவு கைப்பிடிச் சுவர். சுவருக்கு அப்பால் சேற்று நிறத்தில் ஆறாகவே ஓடிக்கொண்டிருக்கும் தண்ணீர். எதிர் வரிசையில் ஒரு வீட்டின் ஓடு தெரிந்தது. மத்தியானம் அதுவும் இல்லை.

பிள்ளைகளின் காதுக் கருவிப் பெட்டியை எடுக்கக் கீழே இறங்கினேன். எடுத்துவிட்டேன். வரும்போது தண்ணீருக்கடியில் ஏதோ தகரம் வலது காலைக் கிழித்தது. சின்னக் காயம். என் மாத்திரைப் பை கீழேயே நின்றுவிட்டது. அவசரமில்லை.

பிள்ளைகள் பயப்படவில்லை என்று எழுத ஆசை. பயப்படுகிறார்கள். ரிஸ்வானா மட்டும் பதின்மூன்று வயதுக்குரிய கம்பீரத்துடன் சின்னவர்களுக்குத் தலைவாரி விடுகிறாள். இசக்கி சுவரோரம் போய் எட்டிப் பார்க்கிறான்; இழுத்துக்கொண்டு வந்தால் மறுபடி போகிறான். செந்தூரி பேசிக்கொண்டே இருக்கிறாள். போகும் தென்னை மட்டை, செத்த கோழி, யாருடையதோ நாற்காலி, எல்லாவற்றையும் கையால் சொல்லியாக வேண்டும் அவளுக்கு.

அவளுக்கு ஆறு வயது. ஜூனில் வந்தபோது அவளிடம் ஒரு சொல்கூட இல்லை. வீட்டில் யாருக்கும் அவளோடு பேசத் தெரியவில்லை. பசித்தால் அழுவாள், கோபம் வந்தால் கடிப்பாள். இரண்டு மாதம் அவள் முன்னால் உட்கார்ந்து கையை அசைத்து அசைத்து நான் களைத்துப்போன ஒருநாள், தட்டில் ஊர்ந்த எறும்பைக் காட்டித் தானாகவே 'எறும்பு' என்றாள். பிறகு என் முகத்தைப் பார்த்தாள், சரியா என்று. அன்றிலிருந்து அந்தக் கைகள் ஓயவில்லை. தூங்கும்போதும் விரல் அசைகிறது.

டிசம்பர் 19, செவ்வாய்

ஹெலிகாப்டர் வந்தது.

எனக்குக் கேட்கும் முன்பே பிள்ளைகளுக்குத் தெரிந்துவிட்டது. ரிஸ்வானா தண்ணீர்த் தொட்டியில் சாய்ந்திருந்தவள் அது அதிரவே திடுக்கிட்டு நெஞ்சில் கை வைத்தாள். சற்று நேரம் கழித்துத்தான் வடக்கே சத்தம் எழுந்தது.

பிள்ளைகள் எல்லோரும் அதன் கீழே ஓடினார்கள். காற்று எங்களைக் கூட்டித் தள்ளியது. அறையின் தகரக் கதவு கழன்று பறந்து தண்ணீரில் விழுந்தது. ஹெலிகாப்டர் எதையும் போடாமல் மேலே ஏறித் திரும்பிப் போனது.

"கட்டையில போறவன்! பச்சப் புள்ளைக நிக்கது கண்ணு தெரியலயா? போறாம் பாருங்க டீச்சர்!" என்று பேச்சி வானத்தைப் பார்த்துத் திட்டினாள்.

ஓட்டியவர் போகவில்லை, தூரத்தில் வட்டம் அடித்தார். எனக்குப் புரிந்தது: பிள்ளைகள் கீழே ஓடினால் அவரால் நெருங்க முடியாது. பிள்ளைகளைக் காலை வழிபாட்டுக்கு உட்காருவதுபோல் சுவரோரம் வரிசையாக உட்கார வைத்தேன். தலைகுனிந்து கண் மூடு, நான் தட்டும்வரை அசையாதே. அவர் திரும்பி வந்தார். இந்த முறை மெதுவாக, காற்று எங்கள்மேல் படாத பக்கமாக. கதவோரம் இருந்த வீரர் பொட்டலங்களை இறக்கினார். ரொட்டி, தண்ணீர், அவல்.

நான் தட்டியதும் பிள்ளைகள் இரண்டு கைகளையும் தலைக்கு மேலே உயர்த்தி விரல்களைச் சிலுப்பினார்கள். எங்கள் பள்ளியில் அதுதான் கைதட்டல். கதவோர வீரர் விழித்தார். உள்ளே யாரிடமோ ஏதோ சொன்னார். ஹெலிகாப்டர் நின்ற இடத்திலேயே மூக்கைத் தாழ்த்தி நிமிர்த்தியது, தலையாட்டுவதுபோல. இசக்கி சிரித்துத் தரையில் உருண்டான்.

மாலையில் மறுபடி வந்தார்கள். இந்த முறை இறக்கியது எட்டுச் சாம்பல் நிறக் கம்பளிக் காலுறைகள், ஒவ்வொன்றின் கணுக்காலிலும் முடிச்சு. உள்ளே கடலை மிட்டாய். பட்டாளத்துக் காலுறை ஒவ்வொன்றும் செந்தூரிக்குத் தொடைவரை வரும். எட்டும் சரியாக எட்டுப் பிள்ளைகளுக்கு. மேலேயிருந்து யாரோ எண்ணியிருக்கிறார்கள்.

பிள்ளைகள் எனக்கும் பேச்சிக்கும் பங்கு தந்தார்கள். என் பங்கை இசக்கிக்குக் கொடுத்தேன். எனக்கு இனிப்பு ஆகாது.

கால் கொஞ்சம் கனமாக இருக்கிறது.

டிசம்பர் 20, புதன்

காலையில் ஒரு வீரர் கம்பி வடத்தில் தொங்கி எங்கள் மாடியில் இறங்கினார். சார்ஜென்ட் தவமணி, உசிலம்பட்டிக்காரர். இறங்கியதும் முதல் வேலையாக இசக்கி அவருடைய தலைக்கவசத்தைத் தட்டிப் பார்த்தான்.

"டீச்சர், எங்க சாரு கேக்கச் சொன்னாரு. ஏன் இந்தப் பிள்ளைக மட்டும் கூப்பாடு போடாம கையக் காட்டுதுக?"

"ஊமப் புள்ளைகய்யா" என்றாள் பேச்சி.

"காது கேட்காது. பேசுவார்கள்" என்றேன் நான்.

அவர் பிள்ளைகளைப் பார்த்தார். பிறகு கூச்சத்தோடு இரண்டு கைகளையும் உயர்த்தி விரல்களைச் சிலுப்பினார். அவ்வளவுதான், எட்டும் அவர்மேல் ஏறிவிட்டன.

ஓட்டுகிறவர் ஸ்குவாட்ரன் லீடர் தாக்குர், இமாசலத்துக்காரராம். "மலையில பெறந்தவருங்க. தமிழ்ல 'சாப்பாடு', 'போதும்' அம்புட்டுத்தேன் தெரியும். அந்தக் காலுறை அவரோடதுதேன். மிச்சம் எங்ககிட்டப் புடுங்குனது."

பிறகு கட்டடத்தைச் சுற்றிப் பார்த்தார். அவர் சிரிப்பு நின்றது. கிழக்கு மூலையில் அடித்தளத்தை நீர் அரித்துவிட்டது. சுவரில் என் கை நுழையும் பிளவு. மேலே அணையில் இன்னும் திறக்கப் போகிறார்கள். உடைப்பின் இழுப்பில் படகு நிற்காது. நாளைக் காலை வெளிச்சம் வந்ததும் ஒவ்வொருவராக வடத்தில் தூக்குவார்கள்.

அக்குளுக்குக் கீழே மாட்டும் அகலமான வாரைக் காட்டினார். "சின்னதுகள நான் கூட வச்சுத் தூக்கிருவேன். ஒண்ணே ஒண்ணுதேன் டீச்சர். முழங்கை ரெண்டும் விலாவோட ஒட்டி இருக்கணும். கையத் தூக்குனா வாரு நழுவும். பெரியவுகளே ஆள் உருவிப் போயிருக்காக. மேல வர்றவரைக்கும் கையத் தூக்கவே கூடாது."

நான் செந்தூரியைப் பார்த்தேன். அவள் அந்த வாரைப் பற்றி ரிஸ்வானாவிடம் கை ஓயாமல் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள்.

அவர் போனபின் கொடிக்கயிற்றில் என் சேலையை வளையமாகக் கட்டிப் பழக்கினேன். மாட்டு, முழங்கையை ஒட்டு, அப்படியே நில். நான் முன்னால் நின்று கையசைப்பேன், பேச்சி குதிப்பாள், நீ பதில் சொல்லக் கூடாது. பெரியவர்கள் கற்றுக்கொண்டார்கள். இசக்கி பாதி. செந்தூரிக்கு ஒருமுறைகூட வரவில்லை. வளையத்தில் மாட்டியதும் இரண்டு கையும் மேலே போகும்: 'பார், நான் பறக்கிறேன்!' திட்டினேன். 'சரி' என்றாள். அந்தச் 'சரி'யைச் சொல்லவும் கையைத் தூக்கினாள்.

"ரெண்டு கையையும் சேத்துக் கட்டிப்புடுவோம் டீச்சர். ஒரு நிமிசந்தான. எறங்குன ஒடனே அவுத்துக்கிடலாம்" என்றாள் பேச்சி.

"வேண்டாம்."

"உயிரு போனா?"

"உன் வாயில் துணியை அடைத்து ஆற்றுக்கு மேலே தொங்கவிட்டால் சும்மா இருப்பாயா? மிரண்டு துள்ளுவாள். இன்னும் ஆபத்து."

அது உண்மைதான். ஆனால் அதற்காக மட்டும் வேண்டாம் என்று சொல்லவில்லை.

மத்தியானம் பிள்ளைகள் விமானிக்குப் பெயர் வைக்க உட்கார்ந்தார்கள். எங்களிடம் யாரையும் எழுத்தெழுத்தாகக் கூப்பிடும் வழக்கமில்லை; ஒருவருக்கு ஒரு கைப்பெயர். எனக்கு மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிடுவது, பேச்சிக்கு இடுப்பில் இரண்டு கை. பெயரைப் பிள்ளைகள்தான் முடிவுசெய்வார்கள். முடிவுசெய்ததை அந்த ஆளின் முகத்துக்கு நேரே காட்டித் தர வேண்டும். அதுவரை அது பெயராகாது. இசக்கி மீசையை முறுக்கினான். மீசை உண்டா என்று யாருக்கும் தெரியாது. தலைக்கு மேலே விரல் சுழற்றலாம் என்றாள் ஒருத்தி. அது எல்லா ஹெலிகாப்டருக்கும் பொது என்று தள்ளினார்கள். கடைசியில் ரிஸ்வானா சொன்னது நின்றது: முழங்கைவரை காலுறையை இழுத்து மாட்டுவது.

அப்போதுதான் எனக்குத் தோன்றியது. செந்தூரியை மடியில் உட்கார வைத்தேன். பெயரை நீதான் கொண்டுபோய் அவருக்குத் தரப் போகிறாய் என்றேன். அவள் கண் விரிந்தது. அவளுடைய வலது உள்ளங்கையில் அந்தப் பெயரை வைத்து விரல்களை மூடினேன். அதன்மேல் இடது கையை வைத்து, இரண்டையும் நெஞ்சோடு சேர்த்தேன். முழங்கைகள் தாமாக விலாவில் ஒட்டிக்கொண்டன. கை திறந்தால் பெயர் ஆற்றில் விழுந்துவிடும். அவர் முகத்தைப் பார்க்கும்வரை திறக்காதே.

வளையத்தை மாட்டினேன். பேச்சி குதித்தாள், இசக்கி குரங்கு வித்தை காட்டினான். செந்தூரி அசையவில்லை. உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றாள்.

"என்னத்த டீச்சர் சொன்னிய?" என்றாள் பேச்சி ஆச்சரியத்தோடு. பிறகு, "ஒங்க காலப் பாத்தியளா? கறுத்துக் கெடக்கு" என்றாள்.

சேறு.

டிசம்பர் 21, வியாழன். காலை

மழை இல்லை. போகிறோம். எல்லோரும் விடியும் முன்பே சாப்பிட்டாயிற்று.

அதே நாள், மாலை

அரசு மருத்துவமனை. இடது கையில் ஊசி ஏற்றியிருக்கிறார்கள். வலது கை சும்மாதான் இருக்கிறது, எழுதலாம்.

ரிஸ்வானாவை முதலில் அனுப்பினேன், மேலே சின்னவர்களைப் பிடித்து உட்கார வைக்க. சிலைபோல் போனாள். இன்னும் இருவர் நன்றாகப் போனார்கள். அடுத்து இசக்கி. பாதி உயரத்தில் ஆறு முழுவதும் தெரிந்திருக்க வேண்டும்; அவனால் தாங்க முடியவில்லை. ஒரு கை மேலே போனது. 'எவ்வளவு பெரிசு!' வார் தோளுக்கு ஏறியது. அவன் ஒரு பக்கமாகச் சரிந்தான். தவமணி கால்சட்டையோடு சேர்த்து அவனைப் பிடித்தார். அப்படியே கோணலாக உள்ளே இழுத்துப் போட்டார்கள். நான் அலறியிருக்கிறேன், பேச்சி சொன்னாள். அந்தச் சத்தத்தில் எனக்கே என் குரல் கேட்கவில்லை.

தவமணி திரும்ப இறங்கியபோது முகம் வெளுத்திருந்தது. என் காதோடு வாய் வைத்துக் கத்தினார்: "இன்னொண்ணு இப்பிடிச் செஞ்சா நிறுத்திருவேன் டீச்சர்!"

"அடுத்தது செந்தூரி" என்றேன்.

பெயரை அவள் கையில் மறுபடி வைத்தேன். விரல்களை மூடினேன். அவர் வாரை மாட்டி, தன் கால்களுக்கிடையில் அவளை அணைத்துக்கொண்டார். மேலே போனார்கள். காற்று அவள் கவுனைக் கிழிப்பதுபோல் அடித்தது. கதவோரம் ஒரு பையன் உற்சாகத்தில் அவளை நோக்கிக் கையசைக்கத் தொடங்க, ரிஸ்வானா அவன் கையைப் பிடித்து அமுக்கினாள். செந்தூரி எங்களைக் குனிந்து பார்த்தாள். சொல்ல அவளுக்கு எத்தனை இருந்திருக்கும். அந்தக் கைகளை நெஞ்சோடு இன்னும் இறுக்கினாள். திறக்கவில்லை.

அப்போதுதான் விமானியைப் பார்த்தேன். பக்கக் கண்ணாடி வழியே கழுத்தும் தாடையும் மட்டும். ஒரு விரலைக்கூட எடுக்க முடியாமல் இரண்டு கைகளும் நெம்புகோல்களில். அவர் கை அசைந்தால் எல்லோரும் போவோம். அன்று அந்த இடத்தில் கையை அடக்கிக்கொண்டவர்கள் இரண்டு பேர்.

எட்டுப் பேரும் போனார்கள். பேச்சி வாரை மாட்டியதும் கண்ணை இறுக்கிக்கொண்டு சாமி பெயரெல்லாம் சொல்லிக்கொண்டு போனாள். கடைசியாக நான். உள்ளே போய் விழுந்த பிறகு எழுந்து நிற்க முடியவில்லை. அது ஒன்றும் இல்லை, களைப்பு.

கல்லூரி மைதானத்தில் எங்களை இறக்கிவிட்டு, விசிறி நிற்காமலே அவர்கள் அடுத்த ஊருக்குப் போய்விட்டார்கள். விமானி இறங்கவில்லை; உள்ளேயும் அவர் முதுகு மட்டும்தான் தெரிந்தது. என்னை ஸ்ட்ரெச்சரில் வைத்ததால் எதையும் சொல்ல முடியவில்லை.

மருத்துவர் இளம்பெண். "சர்க்கரை இருக்கா?" என்றாள்.

"கொஞ்சம்."

"எவ்வளவு நாளா மாத்திரை போடல?"

பேச்சி என்னை முறைத்த முறைப்பை எழுத வேண்டியதில்லை.

டிசம்பர் 22, வெள்ளி

செந்தூரியின் கை இன்னும் மூடியிருக்கிறது.

பிள்ளைகள் மருத்துவமனைக்குப் பின்னால் மண்டப முகாமில் இருக்கிறார்கள். நேற்றுப் பகல் சரி என்று விட்டிருக்கிறார்கள். இரவு சாப்பாட்டுக்கும் திறக்கவில்லை. பேச்சி ஊட்டிவிட்டாள், வாயைத் திறந்தாள், கையைத் திறக்கவில்லை. முகாம் நர்ஸ் காயம் ஏதும் இருக்கிறதா என்று விரலைப் பிரிக்கப் போனாள், கடித்துவிட்டாள். ஜூனுக்குப் பிறகு அவள் யாரையும் கடித்ததில்லை.

காலையில் பேச்சி அவளைத் தூக்கிக்கொண்டு வந்தாள். 'எல்லோரும் பத்திரம். திறக்கலாம்' என்றேன். அவள் என்னைப் பார்த்த பார்வையில் கொஞ்சம் இளக்காரம் இருந்தது. அவர் முகம் இங்கே இல்லையே. கன்னம் வற்றியிருக்கிறது. ஒரு சொல் இல்லை. எறும்புக்கு முந்திய முகம்.

"சும்மாச் சொன்னேம்மா, உள்ள ஒண்ணுமே இல்லன்னு சொல்லிருங்களேன்" என்றாள் பேச்சி.

சொல்லலாம். ஒரு கையசைப்பு போதும். ஆனால் கையில் வைக்கிற சொல் வெறும் காற்று என்று அவளுக்கு நானே கற்றுக்கொடுத்தால், அதற்குப் பிறகு எந்தச் சொல்லை நம்பி அவள் கை தூக்குவாள்? பொய் என்று ஆக்குவதைவிட, உண்மையாக்கிவிடுவது நல்லது.

கட்டுப்பாட்டு அறைக்குப் போன் செய்தேன். "மேடம், ஜனங்க சாப்பாடு இல்லாம இருக்காங்க. பைலட்டுக்குப் பேர் வைக்கணும்னு போன் பண்றீங்களா?" என்றார் ஒருவர். அவர் கேட்டதும் நியாயம்தான். ஐந்து நிமிடம் போதும், எண்ணெய் நிரப்பும் நேரத்தில் வரட்டும் என்றேன். வைத்துவிட்டார். மறுபடி அடித்தேன். மறுபடியும்.

மருத்துவர் வந்தாள். பெரிய மருத்துவமனைக்கு இன்றே அனுப்ப வேண்டுமாம். கால்விரல்கள் போகும், தாமதித்தால் அதற்கு மேலும். நாளை போகிறேன் என்றேன்.

"அம்மா, நான் சொல்றது புரியுதா?"

"நன்றாகப் புரிகிறது. நாளை."

கையெழுத்து வாங்கிக்கொண்டு கோபமாகப் போனாள். நல்ல பெண்.

டிசம்பர் 23, சனி

பேச்சி விடிந்ததும் காணாமல் போனாள். கல்லூரி மைதானத்துக்கு நடந்தே போயிருக்கிறாள். போலீஸ்காரர் மறித்திருக்கிறார். "எம் புள்ள அங்க வாயத் தொறக்காம கெடக்கு, நீரு எனக்குக் கம்பு நீட்டுதீரோ?" என்று கேட்டு, ஹெலிகாப்டர் இறங்கும்போது அடித்த காற்றில் குடை மடங்க, அங்கேயே நின்றிருக்கிறாள். தவமணிதான் அவளை அடையாளம் கண்டார்.

பத்து மணிக்கு என் கட்டிலருகே மூன்று பேர் நின்றார்கள். நடுவில் பச்சை உடுப்பில் ஒல்லியான, முடி கொட்டத் தொடங்கிய மனிதர். மீசை இல்லை. கண்கள் தூக்கமில்லாமல் சிவந்திருந்தன.

"சாரு மூட்டை ஏத்துற நேரத்துக்குள்ள போயாகணும் டீச்சர்" என்றார் தவமணி.

செந்தூரியை அவர் முன்னால் நிறுத்தினேன். அவர் தரையில் மண்டியிட்டு, முகத்தை அவள் முகத்துக்கு நேராகக் கொண்டுவந்தார். அதை யாரும் அவருக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை.

அவள் நெடுநேரம் பார்த்தாள், இவர்தானா என்று. பிறகு என்னைப் பார்த்தாள். தலையசைத்தேன்.

இடது கையை எடுத்தாள். வலது கை உடனே விரியவில்லை, விரல்கள் மரத்திருந்தன. ஒவ்வொன்றாக நிமிர்த்தினாள். உள்ளங்கையில் நகம் பதிந்த நான்கு பிறைகள். இல்லாத காலுறை ஒன்றை எடுத்து, விரல் நுனியிலிருந்து முழங்கைவரை மெதுவாக இழுத்து மாட்டினாள். அவரைச் சுட்டினாள்.

"அது உங்கள் பெயர்" என்று ஆங்கிலத்தில் சொன்னேன்.

அவர் அதே மாதிரி செய்தார். தப்பு, கைமாறிவிட்டது. செந்தூரி அவர் கையைப் பிடித்து மாற்றித் திருத்தினாள். மறுபடி செய்தார். பிறகு அவர் கண்ணைத் துடைக்கப் போக, அவள் விடவில்லை. பேசத் தொடங்கிவிட்டாள். கப்பல், கோழி, நாற்காலி, பறந்த கதவு, இசக்கி விழப்போனது, தான் நர்ஸைக் கடித்தது. மூன்று நாள் சேர்த்து வைத்தது அத்தனையும் கொட்டியது. அவர் ஒன்றும் புரியாமல் ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினார்.

"என்னங்க டீச்சர் சொல்லுது?" என்றார் தவமணி.

"அவள் மூச்சு விட்டதும் சொல்கிறேன்."

பேச்சி வாசலுக்குப் போய் முந்தானையில் மூக்கைச் சிந்தினாள். "இனிமே இவ வாய யாரு மூடுறது" என்றாள் யாரிடமோ.

விமானி எழுந்தபோது செந்தூரி ஒரு கேள்வி கேட்டாள்: உனக்குச் சோறு யார் தருகிறார்கள்? நான் ஆங்கிலத்தில் சொன்னேன். அவர் யோசித்து, பேச்சியைக் காட்டி, "சாப்பாடு?" என்றார். பேச்சி காத்திருந்தவள்போல முகாம் சோற்றில் இரண்டு பொட்டலம் கட்டிக் கொடுத்தாள். அவர்கள் படியிறங்கி ஓடினார்கள்.

மருத்துவரைக் கூப்பிடச் சொன்னேன். வந்தாள். "இப்போ போகலாமா?" என்றாள். போகலாம் என்றேன். ஆம்புலன்ஸ் வந்துகொண்டிருக்கிறது. பேச்சி பிள்ளைகளோடு இருப்பாள். முடிந்தால் முழங்காலைக் காப்பாற்றுவார்களாம்.

செந்தூரி என் கட்டில்மேல் ஏறி உட்கார்ந்திருக்கிறாள். கட்டுப் போட்ட காலைக் காட்டி, இதை என்ன செய்யப் போகிறார்கள், வலிக்குமா, மறுபடி முளைக்குமா என்று வரிசையாகக் கேட்கிறாள். ஒன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். அதற்கு எனக்குக் கை வேண்டும். பேனாவை வைக்கிறேன்.